இடப்புறம் திரும்பும் லாரியும் மிதிவண்டியும்

கேள்வி: சென்னை உள்வட்டச் சாலையில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்கிறேன். சிக்னலில் லாரியின் இடப்பக்கமாக முன்னேறி நிற்பது ஆபத்து என்கிறார்கள். ஓரமாகச் செல்வதுதானே பாதுகாப்பு?

மறுமொழி 1: இல்லை, ஐயா. உயரத்தில் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்பவர் கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம். அதைவிடக் கொடியது, லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டி வருவதால், முன்பகுதி கடந்துவிட்டதென நிம்மதியடைபவர் நடைபாதை விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையே சிக்கிக்கொள்கிறார். தயவுசெய்து பின்னாலேயே நில்லுங்கள்.

மறுமொழி 2: பொறுப்பை மிதிவண்டிக்காரர்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநரின் நேரடிப் பார்வைப் பரப்பை மதிப்பிட்டு வழங்கும் அனுமதி 2021 முதல் கட்டாயம். இங்கும் அது வேண்டும்.

கேள்வி கேட்டவர்: லாரி பின்னால் வந்து என்னருகில் நின்றால்?

மறுமொழி 1: அதை முதலில் போகவிடுங்கள், இடமிருந்தால் நடைபாதையில் ஏறிவிடுங்கள்.