மணிக்கு 14 வயசு, கடைசி நாளை எப்படி பிளான் பண்றது?

எங்க நாய் மணிக்கு கிட்னி ஃபெயிலியர், பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டுதான் நடக்குறான். இன்னைக்கு நாளைக்குன்னு இல்ல, ஆனா கடைசி நேரத்துல பதறிப்போய் முடிவெடுக்க வேண்டாம்னு இப்பவே கேக்குறேன், டைப் பண்ணவே கை நடுங்குது.

கருணைக்கொலை பண்றதைப் பத்தி டாக்டர் சொன்னது, முதல்ல மயக்க ஊசி, நல்லா தூங்கினப்புறம் பென்டோபார்பிட்டால்ங்கற மயக்க மருந்தை ஓவர்டோஸா போடுவாங்க, சில நிமிஷத்துல இதயம் நின்னுடும், கண்ணு திறந்தே இருக்கலாம், அப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவ மூச்சு இழுக்கலாம், அது வலி இல்லன்னு. முன்னாடியே சொன்னாரு, இல்லன்னா அங்கேயே உடைஞ்சிருப்பேன்.

எனக்கு புரியாதது எப்போங்கறதுதான். ஆலிஸ் வில்லாலோபோஸ்னு ஒரு வெட்னரி டாக்டர், நாயோட வாழ்க்கை எப்படி இருக்குன்னு பாக்க போட்ட ஸ்கேல்ல வலி, பசி, தண்ணி, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாள் அதிகமான்னு 7 விஷயத்துக்கு பத்துக்கு மார்க் போடணும், 35க்கு மேல வந்தா ஓகேயாம். மணிக்கு ஒரு நாள் 40 வருது, மறுநாள் 31. நானே பாசத்துல கூட்டி போடுறேனோன்னு சந்தேகம் வேற (என் தம்பி போட்டா எப்பவும் கம்மியாத்தான் வருது).

வீட்டுக்கே டாக்டரை வரவெச்சவங்க இருக்கீங்களா? கூட வளர்ந்த இன்னொரு நாயை பக்கத்துல விடலாமா? 6 வயசு பொண்ணுகிட்ட "தூங்க வைக்கிறோம்"னு சொன்னா அப்புறம் தூங்கவே பயப்படுவாளேன்னு யோசனையா இருக்கு, நீங்க என்ன சொன்னீங்க? அந்த மருந்து உடம்புலயே தங்கும், வேற மிருகம் தோண்டி தின்னா அதுக்கும் ஆபத்துங்கறாங்க, அதனால புதைக்கிறதா எரிக்கிறதான்னும் சொல்லுங்க ப்ளீஸ்.