உதவி: தமிழ் படிக்க எந்த இ-ரீடர்? கொம்பு இடம் மாறுது, ஸ்கேன் பிடிஎஃப் பொடிசாத் தெரியுது

காட்பாடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வர்றேன். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா உக்காந்து படிப்பு, கிடைக்கலைன்னா நின்னுகிட்டே படிப்பு. இதுவரைக்கும் போன்லதான். ராத்திரி வீட்டுக்கு வந்தா கண்ணு எரியுது. அதனால ஒரு இ-ரீடர் வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் இருபதாயிரம். அதுக்கு மேல போனா வீட்ல பேச்சு வரும்.

போன்ல கிண்டில் செயலியில வாங்கின தமிழ் நாவல்கள் கொஞ்சம் இருக்கு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், விக்கிமூலம் ரெண்டுலயும் இறக்கின ஈபப் (மின்னூல் கோப்பு) நிறைய. மூணாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல எடுத்த பழைய ஸ்கேன் பிடிஎஃப். வட ஆற்காடு வரலாறு பத்திப் படிக்கிறதால மாவட்ட கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு) மாதிரி பெரிய பக்கமும் அதுல வரும்.

ஆபீஸ்ல ஒருத்தர் தன்னோட பழைய ரீடரை ஓட்டிப் பாக்கக் கொடுத்தார் (கம்பெனி பேர் வேணாம், அந்த மாடல் இப்ப வர்றதும் இல்ல). அதுல 'கொடி'ன்னு இருக்கிற இடத்துல க தனியா நிக்குது, கொம்பும் காலும் அதுக்குப் பின்னாடி ஒரு புள்ளி வட்டத்தோட வருது. சில புத்தகத்துல பக்கம் முழுக்க வெறும் கட்டம். ஒரு பிடிஎஃப்ல எழுத்து நல்லாத் தெரியுது, ஆனா ஒரு வார்த்தையைத் தேடினா கிடைக்கல. காப்பி பண்ணி ஒட்டினா ஆங்கில எழுத்துக் குப்பையா வருது.

புது ரீடர்லயும் இப்படித்தான் இருக்குமா? கிண்டில் பேப்பர்வொயிட், கோபோ, பூக்ஸ், இதுல எது எடுத்தா இந்தத் தலைவலி இருக்காது?

ராணிப்பேட்டை_ரோமியோ:
இன்னாக்கா, இருபதாயிரத்துக்கு நல்ல டேப்லெட்டே வருமே. படிச்சிகினு, போரடிச்சா படமும் பாத்துகினு போலாம்.

காட்பாடிக்காரி:
தம்பி, படம் பாக்கத்தான் போன் இருக்கே. ஜன்னலோரம் வெயில் அடிச்சா அதுல என் மூஞ்சிதான் தெரியுது. அதுக்காகத்தானே இ-ரீடர் தேடுறேன்.

சத்துவாச்சாரி_எழுத்துரு:
அம்மா, நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே கோளாறு இல்லை. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் வாங்குவது பாதி முடிந்த மாதிரி.

முதலில் கொம்பு. யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) 'கெ' என்பது க முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. நாம் எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோம் இல்லையா, அந்த இடமாற்றத்தைக் கருவியில் உள்ள மென்பொருள்தான் செய்ய வேண்டும். 'கொ' என்றால் குறியையே இரண்டாகப் பிளந்து க-வுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைக்க வேண்டும். அந்த வேலை தெரியாத கருவி, சேமித்த வரிசையிலேயே வைத்துவிட்டு நடுவில் புள்ளி வட்டம் காட்டும். இது புத்தகத்தின் குற்றமல்ல. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. கருவியின் மென்பொருள் சரியாக இருந்தால்தான் தீரும். ஆகவே வாங்கும் முன் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

வெறும் கட்டம் வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று அர்த்தம். காலிபர் என்ற இலவச மென்பொருளில் புத்தகத்தை மாற்றும்போது நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை உள்ளேயே பதித்துவிடலாம்.

மூன்றாவது, பிடிஎஃப் குப்பை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தோம். பிடிஎஃப்-க்குள் அந்த எழுத்துரு இருப்பதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் எண்கள். எந்தக் கம்பெனி ரீடர் வாங்கினாலும் இது மாறாது. குறியீட்டு மாற்றி கொண்டு யூனிகோடாக்கினால்தான் உண்டு. மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பின் பழைய கோப்புகளிலும் டிஸ்கி இருக்கும். அங்கே யூனிகோடு பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒரு சின்ன ஈபப் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இந்த வரி போதும்: கொடி, கேணி, கோயில், பௌர்ணமி, தூது, நூறு, ஸ்ரீ, லக்ஷ்மி. யாரிடமாவது புது ரீடர் இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் ஆங்கில நாவலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆம்பூர்_அச்சகம்:
சார் எழுத்தைப் பார்த்துக்கிட்டார், நான் பக்கத்தைப் பார்க்கிறேன். பிரஸ் வச்சிருக்கிறவன், எனக்கு எல்லாமே பாயிண்ட் கணக்குதான்.

6 இஞ்ச்ங்கிறது மூலைக்கு மூலை அளவு. அதோட அகலம் 9 சென்டிமீட்டர்தான். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர். ஏ4 பக்கத்துல இருக்கிற 12 பாயிண்ட் எழுத்து 6 இஞ்ச் ஸ்கிரீன்ல சுமார் 5 பாயிண்டா சுருங்கிடும். மருந்துச் சீட்டுப் பொடி எழுத்துதான் அது. இப்ப வர்ற 7 இஞ்ச் பேப்பர்வொயிட்ல 6 பாயிண்ட், படுக்கவச்சா 8 பாயிண்ட். 10.3 இஞ்ச்ல 9 பாயிண்ட் கிடைக்கும், ஆனா அது உங்க இருபதாயிரத்துல வராது.

எல்லா இடத்துலயும் 300 பிபிஐ, 300 பிபிஐன்னு (ஒரு இஞ்சுல எத்தனை புள்ளிங்கிற கணக்கு) போடுறான். எழுத்து கூர்மையா இருக்கிறதுக்கு அது வேணும்தான். பொடி எழுத்தை அது பெரிசாக்காது.

ஒரு நல்ல விஷயம். தமிழ் நாவல் பெரும்பாலும் டெம்மி இல்லன்னா கிரவுன் சைஸ். டெம்மி அகலம் 14 சென்டிமீட்டர். அதை 7 இஞ்ச்ல போட்டா முக்கால்வாசி அளவுக்கு வந்துடும், ஓரத்து வெள்ளையை வெட்டிட்டா இன்னும் பெரிசு. அதனால ஸ்கேன் நாவல் படிக்கலாம். கெசட்டியரை அதுல படிக்க முடியாது, ஆசைப்படாதீங்க.

வேற வழியே இல்லன்னா 'கேடூபிடிஎஃப்ஆப்ட்'னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. ஸ்கேன் பக்கத்துல வார்த்தை வார்த்தையா படத்தையே வெட்டி, சின்ன ஸ்கிரீனுக்கு ஏத்தாப்ல திரும்ப அடுக்கும். அதுக்கு மொழியே தெரியவேணாம், தமிழும் ஒழுங்கா வரும். ரெண்டு பத்தியா அச்சடிச்ச பக்கத்தையும் பிரிச்சுக் கொடுக்கும். அட்டவணை வந்தா சொதப்பும், கெசட்டியர்ல பாதி அட்டவணைதானே.

வாலாஜா_வாசகி:
அக்கா, நீங்க ஏற்கெனவே கிண்டில்ல புத்தகம் வாங்கிட்டீங்க. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. அந்தப் புத்தகத்துக்குப் பூட்டு போட்டிருக்கான், கோபோவுல திறக்காது. முன்ன அமேசான் பக்கத்துல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி யூஎஸ்பி வழியா ஏத்துற வசதி இருந்துச்சு, அதையும் 2025 பிப்ரவரி 26-ஓட எடுத்துட்டாங்க. புத்தகத்தை வாங்கறோமா வாடகைக்கு எடுக்கறோமான்னே தெரியல. ஆனா தமிழ்ப் புத்தகம் கடை போட்டு விக்கிறதுல அவங்கதான் பெரிய ஆளு. 2016 டிசம்பர்லேயே தமிழ் ஆரம்பிச்சுட்டாங்க.

ஈபப்பை யூஎஸ்பி வழியா நேரா காப்பி பண்ணா கிண்டில் கண்டுக்காது. அமேசானோட 'செண்ட் டு கிண்டில்' சேவை வழியா அனுப்பினா அதுவே மாத்திக்கும். 2022-லேர்ந்து ஈபப் அனுப்பலாம். மோபிங்கிற பழைய கிண்டில் வடிவத்தை அனுப்புறதை நிறுத்திட்டாங்க, அதனால எங்க இறக்கினாலும் ஈபப்பையே இறக்குங்க.

கோபோ ஈபப்பை அப்படியே தின்னும், எந்தக் கடைக்கும் கட்டுப்பட வேண்டாம். அதுல ஒரு சங்கதி: சாதா ஈபப்பைக் காட்ட ஒரு எஞ்சின், கேஈபப்புக்கு (கோபோவோட சொந்த ஈபப் வடிவம்) வேற எஞ்சின். சார் சொன்ன சோதனை வரியை ரெண்டு வடிவத்துலயும் போட்டுப் பாக்கணும். வேலூர்ல எந்தக் கடையிலயும் கோபோவை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க கிட்ட சொல்லி வாங்கினா ரிப்பேருக்கு யார்கிட்ட போவீங்க?

பூக்ஸ் ஆண்ட்ராய்டு. கிண்டில் செயலியும் போடலாம், கேஓரீடர்ங்கிற இலவசப் படிப்புச் செயலியும் போடலாம், மூணு வேலையும் ஒண்ணுல முடியும். ஆனா பேட்டரி சாதா ரீடர் அளவுக்குத் தாங்காது, விலையும் இழுக்கும்.

ராணிப்பேட்டை_ரோமியோ:
கலர் ரீடர் வந்துகிதே, அத்த யாரும் சொல்லலியே?

சத்துவாச்சாரி_எழுத்துரு:
வண்ண ரீடர்களில் வரும் கலைடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, வண்ணம் 150 பிபிஐ. மேலே வண்ண வடிகட்டி ஓர் அடுக்கு இருப்பதால் தாள் கொஞ்சம் மங்கும், விளக்கை ஏற்ற வேண்டிவரும். காமிக்ஸ் படிப்பவர்களுக்குச் சரி. நாவலுக்கு எதற்கு, தம்பி?

தொரப்பாடி_மெக்கானிக்:
யாரும் வெயில பத்தி பேசல. மின்தாள் ஸ்கிரீன்ல கறுப்பு, வெள்ளைத் துகள் மின்சாரத்துல மேல கீழ நகரும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் கரண்ட் இழுக்கும், அதனாலதான் சார்ஜ் வாரக்கணக்குல நிக்குது. வெயில்ல தாள் மாதிரியே தெரியும், அது நெசம். ஆனா கிண்டில் கையேட்டுல இயங்குற வெப்பநிலை 0-லேர்ந்து 35 டிகிரின்னுதான் போட்டிருக்கான். நம்மூர்ல கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். ஸ்டேஷன்ல வண்டிய நிறுத்திட்டு சீட்டுக்கு அடியில ரீடர வச்சிட்டுப் போயிடாதக்கா. பேட்டரி உப்பினா என்கிட்டதான் வருவீங்க, நான் அதத் தொடமாட்டேன்.

அப்புறம் பேப்பர்வொயிட்ல வெளிச்சத்த மஞ்சளா மாத்திக்கலாம். சாதா கிண்டில்ல வெள்ளை வெளிச்சம் மட்டுந்தான், மாத்த முடியாது. விடியக்காலை வண்டி புடிக்கிற ஆளுக்கு அந்த வித்தியாசம் பெருசு. தண்ணி பட்டாலும் பேப்பர்வொயிட் தாங்கும், மழைக்காலத்துல ஜன்னல் சீட்டுக்கு ஆகும். நின்னுகினு ஒத்தக் கையில படிக்க பட்டன் இருந்தா சௌகரியம், கோபோ லிப்ராவுல இருக்குது, பேப்பர்வொயிட்ல இல்ல.

காட்பாடிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூட வேலை பாக்கிற பொண்ணு கிட்ட 2024 பேப்பர்வொயிட் இருந்துச்சு. சார் கொடுத்த வரியை ஈபப்பாக்கி அனுப்பிப் பார்த்தேன். கொம்பு, கால், ஔகாரம் எல்லாம் இடத்துல இருந்துச்சு. ஸ்ரீ மட்டும் கொஞ்சம் நெருக்கமா விழுந்துச்சு, அது பரவாயில்ல. ஒரு ஸ்கேன் நாவலையும் படுக்கவச்சுப் பார்த்தேன். ஆம்பூர் அண்ணே சொன்ன மாதிரியே, படிக்க முடியுது. கெசட்டியர் முடியல, அதை ஆபீஸ் மானிட்டர்லயே பார்த்துக்கறேன்.

பேப்பர்வொயிட்தான்னு முடிவு பண்ணிட்டேன், பதினேழாயிரம் பக்கம் வருது. பட்டன் இல்லாதது ஒரு குறைதான். ஏற்கெனவே வாங்கின புத்தகத்தை விட்டுட்டு வர மனசு வரல.

இன்னொரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை அம்மாவும் படிப்பாங்க. அவங்களுக்கு எழுத்து தடிமனா வேணும். இறக்கின ஈபப் சிலதுல எழுத்து ஒல்லியா, சாம்பலா இருக்கே, அதை என்ன பண்றது?

சத்துவாச்சாரி_எழுத்துரு:
காலிபரில் அந்தப் புத்தகத்தைத் திறந்து, முதலில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறதா பாருங்கள். பல இலவச ஈபப்களில் ஆங்கிலம் என்றே விட்டுவிடுவார்கள். கருவி அந்தக் குறிப்பை நம்பித்தான் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும். பிறகு மாற்றும்போது தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றைப் பதித்துவிட்டு, புத்தகத்தில் எழுத்தின் நிறம் சாம்பலாக எழுதப்பட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அதே சாளரத்தில் நிறங்களை வடிகட்டும் வசதி இருக்கிறது. கிண்டிலில் திறந்ததும் எழுத்துருப் பட்டியலில் 'பப்ளிஷர் ஃபான்ட்' என்பதைத் தொடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பதித்தது வராது.

கடையில் வாங்கிய புத்தகங்களில் இதைச் செய்ய முடியாது. அம்மாவுக்கு அவற்றில் எழுத்தின் அளவைக் கூட்டிக் கொடுங்கள்.