புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு சேகர ஊழியம்

முடக்குவாதத்தோடு (மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) ஒரு சேகரத்தில், அதாவது பல சபைகள் சேர்ந்த பகுதியில், குருவானவர் பணியைத் தொடர முடியுமா என்று ஈஸ்டருக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். ஜெபித்தவர்களுக்கும் வழி சொன்னவர்களுக்கும் நன்றி. ஊழியத்தை விடவில்லை.

பெரிய மாற்றம் மாத்திரையில்தான் வந்தது. மெத்தோட்ரெக்சேட் என்பது இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடுகிற மருந்து. சனிக்கிழமை இரவு அதைப் போட்டுக்கொண்டு, ஞாயிறு பலிபீடத்தருகே குமட்டலோடு நிற்பேன். மருத்துவரிடம் கேட்டு ஞாயிறு இரவுக்கு மாற்றினோம். இப்போது அந்த அசதி திங்களோடு போய்விடுகிறது. காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அதிகாலை ஆராதனையை உபதேசியார் (குருவானவருக்கு உதவும் சபை ஊழியர்) நடத்துகிறார். திருவிருந்தில் அப்பத்தை மட்டும் நான் கொடுக்க, கனமான பாத்திரத்தை உதவி குருவானவர் எடுத்துக்கொள்கிறார்.

வீடு சந்திப்பு குறைந்துவிட்டது. அதுதான் மனதை அறுக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலிருந்தே பணி செய்ததை ஒருவர் நினைவூட்டியிருந்தீர்கள். மாடி ஏற முடியாத வீடுகளுக்குத் தொலைபேசியில் ஜெபிக்கத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான்.

விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து எந்த நோயாளியிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். சிதைந்த மூட்டு மறுபடி பழையபடி ஆகாது.

டிசம்பர் கேரல் பவனிக்கு என்ன செய்வது என்று வாலிபர் சங்கத்தோடு இனிமேல்தான் பேச வேண்டும்.