மேட் இன் ஜப்பான் எல்பி: பாட்டு இழுக்கிறது, நாலாம் பக்கம் கடைசியில் கரகரப்பு, உறையில் பூஞ்சை

ஊதா72

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். கையில் இருப்பது டீப் பர்ப்பிள் ராக் குழுவின் நேரடிக் கச்சேரிப் பதிவான மேட் இன் ஜப்பான். பழைய இங்கிலாந்து அச்சு, பர்ப்பிள் ரெக்கார்ட்ஸ் டிபிஎஸ்பி 351, இரண்டு இசைத்தட்டு. ஆழமான கீறல் இல்லை. ஆனால் மூன்று தொல்லை.

நாலாம் பக்கத்தில் "ஸ்பேஸ் டிரக்கின்" பாட்டின் கடைசி ஐந்து நிமிடம் கரகரவென்று உடைகிறது. உறையின் உள்மடிப்பிலும் தட்டின் மேலும் வெள்ளைப் பூஞ்சை. எல்லாப் பாட்டும் கொஞ்சம் இழுவையாக, பாடகர் கில்லன் குரல் கனத்துக் கேட்கிறது.

டர்ன்டேபிள் ஜப்பானிலிருந்து வந்த பழைய பெல்ட் டிரைவ். பின்னால் 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்திய தலைப்பகுதி) ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ, முள் தட்டில் அழுத்தும் எடை கண்மதிப்பில் வைத்தது. எதிலிருந்து தொடங்குவது? வேறு பதிப்பு வாங்குவதே மேலா?

நாலரைக்கட்டை

தம்பி, முதலில் வேகம். மற்றதெல்லாம் அப்புறம்.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். ஹெர்ட்ஸை மாற்றாது. நம் சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. உங்கள் டர்ன்டேபிள் ஒசாகா பக்கத்துக்கான புல்லி (பெல்ட்டை இழுக்கும் மோட்டார்ச் சக்கரம்) போட்டது. அதன் ஏசி மோட்டார் ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் சுற்றும், ஆகவே 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8 சுற்றில் ஓடுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். கில்லன் குரல் கனத்துப் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதிக்க எதுவும் வாங்க வேண்டாம். முதல் பாட்டான ஹைவே ஸ்டாரை ஓடவிட்டுக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஏறக்குறைய 6 நிமிடம் 45 வினாடியில் முடிய வேண்டும். எட்டு நிமிடம் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். ஸ்ட்ரோப் தட்டு (விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று காட்டுவது) வைத்துப் பார்ப்பதென்றால் 50 ஹெர்ட்ஸுக்கு உரிய 180 கோடு உள்ள வளையத்தைப் பாருங்கள், 216 கோடு 60க்கு உரியது. சில எல்இடி விளக்கு துடிக்கவே துடிக்காது, அதன் கீழ் ஸ்ட்ரோப் பயன்படாது.

இதில் ஒரு அழகு இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. இந்த இசை பதிவானது 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலில், 17 டோக்கியோ நிப்பான் புடோக்கானில். நடுவே அந்த ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் இருக்கிறதே, அதன் பற்சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாரும் இதே வகைதான், சுருதி ஹெர்ட்ஸைப் பொறுத்தது.

முள்ளும்மலரும்_உட்லண்ட்ஸ்

வேகம் சரியான பிறகு கரகரப்புக்கு வரலாம்.

தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்விளிம்பில் 21 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். நாலாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, கிட்டத்தட்ட 20 நிமிடம். எல்லாரும் உச்சத்தில் இரைகிற இடம் உள்விளிம்பில் போய் விழுகிறது. முள் ஒரு இம்மி விலகி நின்றாலும் உடையும்.

செய்ய வேண்டியது: முள்ளைத் தாங்கும் டர்ன்டேபிள் கையைச் சமன் செய்து மிதக்கவிடுங்கள், ஆன்டி ஸ்கேட் (கை உட்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கட்டும். பிறகு டிஜிட்டல் முள்தராசில் 2.0 கிராம். விஎம்95இக்கு 1.8 முதல் 2.2 வரை அனுமதி. கண்மதிப்பு வேண்டவே வேண்டாம். எடை குறைந்தால் முள் பள்ளச் சுவரைவிட்டுத் துள்ளும், தட்டு தேய்வது அப்போதுதான் அதிகம். "லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது" என்பது தவறான நம்பிக்கை. அடுத்து அளவுத்தாள் வைத்து, தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் பக்கக்கோடு நேராக நிற்கும்படி திருகுங்கள். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காமல் முள்ளைத் தாங்கும் அந்தச் சின்னக் குழலைப் பார்த்து வையுங்கள், உடல் கோணலாக இருக்கலாம். இடம் மாறினால் எடையும் மாறும், மறுபடி நிறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஆன்டி ஸ்கேட்டை எடைக்குச் சமமாக வைத்து, ஒரு காதில் மட்டும் உடைகிறதா என்று கேளுங்கள். வலப்பக்கம் மட்டும் உடைந்தால் ஆன்டி ஸ்கேட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உடைந்தால் முள்ளை மட்டும் விஎம்95எம்எல்லுக்கு மாற்றலாம், அதே உடலில் பொருந்தும். மைக்ரோலைன் முனை உள்விளிம்பில் நிறைய மன்னிக்கும். அதிலும் உடைந்தால் முன்பு வைத்திருந்தவர் தேய்த்துவிட்டார் என்று பொருள், அதற்கு மருந்து இல்லை.

ஒன்றை மட்டும் குறையென்று எண்ணிவிடாதீர்கள். ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப்பில் நேராகச் செருகி வாசித்தவர். ஆர்கன் உறுமுவது அவர் விரும்பிப் பண்ணியது. அந்த உறுமல் பாட்டின் தொடக்கத்திலும் அதே மாதிரி இருக்கும். தட்டின் கரகரப்பு உள்ளே போகப் போகத்தான் கூடும், சிம்பலிலும் "ஸ்" ஒலியிலும் முதலில் தெரியும். நிஜம் எது, பழுது எது என்று பிரிக்க இதுவே போதும்.

ஊதா72

நாலரைக்கட்டை அண்ணே, ஹைவே ஸ்டார் 8 நிமிடம் 4 வினாடி! புல்லியை மாற்றினால் போதுமா?

நாலரைக்கட்டை

போதும். 50 ஹெர்ட்ஸ் புல்லி பெரிதாக இருக்கும். கணக்கு இதுதான்: பழைய புல்லி விட்டத்தோடு பெல்ட்டின் தடிமனைக் கூட்டி, 1.2ஆல் பெருக்கி, மறுபடி பெல்ட் தடிமனைக் கழியுங்கள். 10 மி.மீ. புல்லி, 0.6 மி.மீ. பெல்ட் என்றால் 12.12 மி.மீ. வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள், ரூலர் ஆகாது. பித்தளையில் கடைந்தது நல்லது. பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் மையம் துளி விலகும், பிறகு சைல்ட் இன் டைமின் நீண்ட ஆர்கன் ஸ்வரம் அலையாடும். புல்லி கிடைக்காவிட்டால் 60 ஹெர்ட்ஸே உண்டாக்கித் தரும் மின்பெட்டிகள் உண்டு, விலைதான் கூட. டிரான்ஸ்பார்மர் அப்படியே இருக்கட்டும். 100 வோல்ட் மோட்டாரை 230இல் செருகினால் புகைதான்.

ஈசூன்_தட்டுப்பெட்டி

பூஞ்சைக்கு நான் சொல்கிறேன் தம்பி.

பூஞ்சைக்கு வினைல் சாப்பாடில்லை. தூசி, கைரேகை எண்ணெய், காகித உள்ளுறை, இவைதான் அதன் தீனி. ஆகவே பழைய உள்ளுறையைக் கழுவவோ காயவைக்கவோ வேண்டாம், தூக்கிப் போடுங்கள். வேலையைச் சன்னலோரம் முகக்கவசத்தோடு செய்யுங்கள். முதலில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணியை முதலில் போட்டால் பள்ளத்துக்குள் பிசைந்துவிடும்.

கலவை: வாலை வடித்த நீர் 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., போட்டோ கழுவுவோர் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் நாலு சொட்டு. பாத்திர சோப்பு வேண்டாம், வாசனைப் பொருள் பள்ளத்தில் தங்கும். லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்து, பள்ளம் போகும் வழியே வட்டமாகத் தேயுங்கள். பிறகு வடித்த நீரால் மட்டும் இரண்டாம் முறை. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு படியும், அது டக் டக்கென்று கேட்கும். நிறுத்தி வைத்து அரைமணி காயட்டும். புதுப் பாலிஎதிலீன் உள்ளுறை. வெளியுறைக்குப் பிவிசி வாங்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் அது கசிந்து தட்டில் புகைமூட்டமாகக் கறை விடும்.

பொன்னிற அட்டையை வெயிலில் வைக்க வேண்டாம், வெளுக்கும். 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒரு மூலையில் சோதித்து, மை வரவில்லை என்றால் மட்டும் உள்மடிப்பை ஒற்றி எடுங்கள். பிறகு டிரை கேபினட்டில் இரண்டு நாள். கேமராவுக்கானது 12 அங்குல உறைக்குப் போதாது, உள்ளகலம் 32 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். மழை அடிக்கும் சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் எத்தனை கழுவினாலும் திரும்ப வரும்.

தனி_ஆவர்த்தனம்

பதிப்பு பற்றி: இந்த அச்சை விடாதீர்கள். ஏழு பாட்டில் ஐந்து ஒசாகா, தி மியூல், லேசி இரண்டும் டோக்கியோ. பதிவு செய்தவர் மார்ட்டின் பர்ச், எட்டு டிராக் நாடாவில். சிடி வேண்டுமென்றால் 1998 பதிப்பில் பிளாக் நைட், ஸ்பீட் கிங், லூசில் என மூன்றும் கூடுதல் தட்டில் உண்டு. மூன்று இரவும் முழுதாக வேண்டுமென்றால் 2014இல் வந்த பெட்டித் தொகுப்பு. அதை வாங்கினால் ஒரே பாட்டை மூன்று நாளும் அடுத்தடுத்துப் போடுங்கள். நல்ல வித்வான் ஒரே ராகத்தை மூன்று கச்சேரியில் மூன்று விதமாக விரிப்பது எப்படி என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிட விருந்து கிடையாது.

தி மியூலில் இயன் பெய்ஸின் டிரம்ஸைத் தனி ஆவர்த்தனமாகவே கேளுங்கள். ஸ்நேரில் உருட்டலைத் தணித்துக் கிசுகிசுப்பாக்கி மறுபடி ஏற்றுகிற இடத்தில் மனிதர் எதையும் அடித்து நொறுக்கவில்லை, பேசுகிறார். ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமனில் கிட்டார் கலைஞர் பிளாக்மோர் ஒரு துண்டு போட, கில்லன் தொண்டையில் அதையே திருப்பிப் போடுகிறார். மேலே, இன்னும் மேலே, கடைசியில் கிட்டார் எது குரல் எது என்று தெரியாத உச்சம். சைல்ட் இன் டைமின் மெட்டு இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே குழுவின் பாம்பே காலிங்கிலிருந்து எடுத்தது, பெயரிலேயே நம் பக்கத்து வாசனை.

அதே 1972இல் லெட் செப்பலின் ராக் குழு நீண்ட முடிக்காகச் சிங்கப்பூரில் மேடை ஏற முடியாமல் போனது. அந்தக் காலத்தின் நேரடிச் சத்தம் நம் வீட்டுக்குள் வர இப்படியொரு தட்டுதான் வழி. அதனால்தான் வேகம், எடை, கோணம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று இத்தனை பேர் மெனக்கெடுகிறோம்.

முள்ளும்மலரும்_உட்லண்ட்ஸ்

ஒன்று விட்டுப்போனது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். குளோவர் வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒலி மேசை வழியாக முள்ளுக்கே திரும்பி ஊளையிடும். டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த தனிப் பலகையில் வையுங்கள். இரவு பத்துக்கு மேல் ஹெட்போன்.

ஊதா72

எல்லாருக்கும் நன்றி. முதலில் புல்லி, பிறகு முள்தராசு. கழுவும் வரை தட்டில் முள்ளை வைக்க மாட்டேன்.