புதுப்பிப்பு: 1990 மியாட்டா, டர்போவுக்கு முன்னால்

போன மாதம் வாங்கிய கையோடு இந்தப் பழைய மாஸ்டா மியாட்டாவுக்கு (இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்) எஞ்சின் சக்தியைக் கூட்டும் டர்போ போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன், முதலில் வண்டியைத் தேற்று என்றீர்கள். அதைத்தான் செய்கிறேன். கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தம், நான்கு சிலிண்டரிலும் 165 பிஎஸ்ஐக்கு மேல், சரி, அதில் கவலை இல்லை. ஆனால் துணிக்கூரையின் வடிகுழாய்க்குள் பிளாஸ்டிக் கம்பியை விட்டதும் மக்கிய இலை கறுப்புக் குழம்பாக வந்தது, அந்த அடைப்பால் தண்ணீரெல்லாம் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகரப் பகுதிக்குள் இறங்கியிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன், தகரம் பொத்துக்கொண்டது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தது. அப்புறம் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாம் புதுசு. வெடித்துப்போன சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள் அடுத்த வாரம் மாறும். டர்போ காத்திருக்கட்டும், இந்த 1.6 லிட்டர் எஞ்சின் புதிதில் எப்படி ஓடியதோ அப்படி ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்ட ஆசை.