குறிப்பாணை அனுப்புவதற்கு முன்பு: உள்ளாட்சி அலுவலகங்களில் குடும்ப வன்முறை குறித்த பயிற்சி ஏன் வேண்டும்? (அனுபவப் பகிர்வு)

பதிவு 1: பணியாளர் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

ஒரு நகராட்சி அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். விடுப்பு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்று வகைக் கோப்புகளும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒருவருடைய வீட்டில் ஏதோ சரியில்லை என்பதைப் பல நேரங்களில் ஊகித்துவிடலாம். அதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

வரிப் பிரிவில் ஒரு பெண் எழுத்தர் இருந்தார். அடிக்கடி தாமதமாக வந்தார். முன்னறிவிப்பில்லாமல் விடுப்பும் எடுத்தார். விதிப்படி விளக்கம் கேட்டு நான்தான் குறிப்பாணை தயாரித்தேன். "உடல்நலக் குறைவு" என்ற இரண்டு சொற்களே பதிலாக வந்தன. இரண்டாவது குறிப்பாணைக்கும் அதே இரண்டு சொற்கள். அதற்கடுத்த மாதம், தம்முடைய சம்பளத்தை வேறொரு கூட்டுக் கணக்கில் வரவு வைக்குமாறு கோரும் விண்ணப்பம் அவரிடமிருந்து வந்தது. விண்ணப்பம் முழுவதும் வேறு யாரோ எழுதியது. ஒப்பம் மட்டும் அவருடையது. பணிப்பதிவேட்டில் இருந்த மாதிரி ஒப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரியாக உள்ளது" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். விதி என்னிடம் கேட்டது அவ்வளவுதான், நானும் அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது குறிப்பாணையில் ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது பற்றிய எச்சரிக்கையும் இருந்தது. அது தயாராகிக்கொண்டிருப்பதை எப்படியோ அறிந்து, அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "மேடம், நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் எடுங்கள். குறிப்பாணையை மட்டும் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதீர்கள், கையிலேயே கொடுத்துவிடுங்கள்" என்றார். முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். இரண்டையும் பிரித்துப் படித்தது அவருடைய கணவர். படித்த அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் விவரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அலுவலகம் அனுப்பிய தாளே அடிக்குக் காரணமாகியிருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது.

எனக்கு யாராவது அரை நாள் பயிற்சி கொடுத்திருந்தால், தாமதமும் திடீர் விடுப்பும் சம்பளக் கணக்கு மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதே அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருப்பேன். இது தனிமனித இரக்கத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190-ஆம் எண் உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, குடும்ப வன்முறை வேலை உலகில் ஏற்படுத்தும் பாதிப்பை அரசுகள் அங்கீகரித்து, நடைமுறையில் இயன்ற அளவுக்கு அதைத் தணிக்க வேண்டும் என்கிறது. அதனுடன் வந்த 206-ஆம் எண் பரிந்துரை, பாதிக்கப்பட்டவருக்கு விடுப்பு, நெகிழ்வான வேலை நேரம், பணிநீக்கத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு, பணியிட இடர் மதிப்பீட்டில் குடும்ப வன்முறையையும் சேர்த்தல், விழிப்புணர்வு என்று வழிகளையும் வரிசைப்படுத்துகிறது. உள்ளாட்சி மன்றங்கள் இதற்குப் புதியவை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள சர்ஃப் கோஸ்ட் ஷயர் என்ற உள்ளாட்சி மன்றம், தன் பணியாளர்களுடனான ஒப்பந்தத்தில் குடும்ப வன்முறைக்காக 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 2010-இலேயே சேர்த்துவிட்டது. அந்த நாடு முழுவதற்குமான 10 நாள் சட்டபூர்வ விடுப்பு 2023-இல்தான் வந்தது.

விடுப்பு இருந்தாலும், அதைக் கேட்டு வருபவரிடம் மேலதிகாரி முதல் வாக்கியமாக என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. உங்களுடைய அலுவலகங்களில் நேர்ந்தவற்றையும் எழுதுங்கள். ஆள்களை அடையாளம் காட்டும் விவரங்கள் மட்டும் வேண்டாம்.

பதிவு 2: பொதுமக்கள் சேவை முகப்பில் பணியாற்றுபவர்

அக்கா, நீங்கள் எழுதியதில் மேசையின் மறுபக்கம் நின்றவள் நான். அந்த எழுத்தர் நானல்ல. ஆனால் என் கதையும் ஏறத்தாழ அதுதான்.

உள்ளாட்சி அலுவலகத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதை வெளியிலிருப்பவர்கள் யோசிப்பதில்லை. தனியார் நிறுவனமென்றால் வாசலில் காவலாளி நிறுத்திக் கேள்வி கேட்பார். எங்கள் முகப்புக்கோ யார் வேண்டுமானாலும் வரலாம், வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்காரலாம். நான் வீட்டை விட்டு வெளியேறிய இரண்டாவது வாரத்தில் என் கணவர் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, எதுவும் கேட்கவில்லை. தம் எண் வந்ததும் எழுந்துபோய் இன்னொரு எண் வாங்கிக்கொண்டு மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று நான்கு எண்கள் வாங்கினார். ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் நின்றிருந்த முதியவரின் பெயரை நான் மூன்று முறை தவறாக எழுதினேன்.

என் மேலதிகாரி நல்லவர். நல்லவராக இருந்ததால்தான் அவர் செய்த தவறு பெரிதாயிற்று. அவர் நேராகப் போய் என் கணவரிடம், "இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் என் அறையைத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். விட்டு விலகிய உடனே வரும் நாள்கள்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தானவை என்பதை குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் செய்திருக்க வேண்டியவை எளியவை. அன்றைக்கே என்னைப் பின்பக்க அறை வேலைக்கு மாற்றியிருக்கலாம், என் நேரடித் தொலைபேசி எண்ணை மாற்றியிருக்கலாம், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தை மாற்றி வேறு வாசல் வழியாக அனுப்பியிருக்கலாம். எதற்கும் அரசாணை தேவைப்பட்டிருக்காது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், குடும்ப வன்முறை பணியிடத்தில் ஒரு தொழிலாளிக்குக் காயம் விளைவிக்கக்கூடும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலோ, நியாயமான முன்னெச்சரிக்கைகள் எடுத்தே ஆக வேண்டும் என்று 2010 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. "தெரிந்திருக்க வேண்டிய நிலை" என்ற அந்தச் சொற்றொடரைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலியும் நான்கு வரிசை எண்களும் நினைவுக்கு வந்தன.

பதிவு 3: வாகனப் பணிமனை மேற்பார்வையாளர்

இருவரும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வன்முறை செய்பவரும் நம் சம்பளப் பட்டியலில் இருக்கக்கூடும் என்பதையும் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் ஓட்டுநர்களில் ஒருவர் நேரம் தவறாதவர், வண்டியைக் கண்ணாடிபோல் வைத்திருப்பவர். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. ஒரு நாள் வண்டியின் ஓட்டப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, அவருடைய வழித்தடத்தில் இல்லாத ஒரு தெரு வாரத்துக்கு மூன்று முறை வந்திருந்தது. பிரிந்துபோன மனைவி அங்கே தங்கியிருந்தார். அலுவலக வண்டியில், அலுவலக நேரத்தில், அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீட்டின் முகவரி எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தால், குடிநீர் இணைப்புப் பதிவுகளைப் பார்க்கக்கூடிய ஒரு நண்பர் "தெரிந்தவர்தானே" என்று தேடிக் கொடுத்திருக்கிறார். வரி, குடிநீர், பிறப்புச் சான்று என்று ஊராருடைய முகவரிகளையெல்லாம் கையில் வைத்திருக்கும் அமைப்பு நம்முடையது. ஒரு முகவரியைத் தேடிக் கொடுப்பது என்ன விளைவை ஏற்படுத்தும் என்று அந்த நண்பர் ஒரு கணமும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். முற்பகல் முழுவதும் திரையில் படங்கள். அதில் பாதி எனக்கு நினைவில்லை. பிற்பகலில் இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் வந்து சொல்வதுபோலவும் மற்றவர் கேட்பதுபோலவும் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி எத்தனை இயல்பாக வாயில் வருகிறது என்பதும், அதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் எப்படி மூடிக்கொள்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. "நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இப்போது உங்களுக்கு எது பாதுகாப்பு?" என்று கேட்டுவிட்டு, ஆலோசனை மையத்தின் எண்ணைக் கொடுத்து, அதோடு நம் வாயை மூடிக்கொள்வதற்குத்தான் உண்மையில் பழக்கம் தேவைப்படுகிறது.

பதிவு 4: ஒரு மன்ற உறுப்பினர்

எல்லாவற்றையும் படித்தேன். எனினும் ஒரு ஐயம். குடும்பத்துக்குள் நடப்பதில் அலுவலகம் மூக்கை நுழைத்தால், நாளை ஒவ்வொரு மேற்பார்வையாளரும் ஊழியர்களின் சொந்த வாழ்க்கையைத் துருவத் தொடங்கமாட்டார்களா? செலவையும் மன்றம் கேட்கும்.

பதிவு 5: முதல் பதிவை எழுதியவர்

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. பயிற்சி இல்லாத இடத்தில்தான் துருவுதலும் வம்பும் நடக்கின்றன. பயிற்சி பெற்றவர் கேட்பது குறைவு, காப்பது அதிகம். யாரிடம் சொல்லலாம், எதைக் கோப்பில் எழுதக் கூடாது, எந்தத் தாளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதைக் கற்றுத்தருவதே அதன் முக்கால் பங்கு. செலவைப் பொறுத்தவரை, அனுபவமுள்ள ஓர் எழுத்தர் வேலையை விட்டுப் போனால் அந்த இடத்தை நிரப்பிப் பழக்கி எடுக்க எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு மன்றத்தின் கையிலேயே இருக்கிறது.

மன்றத்துக்கு அளிக்கவிருக்கும் கோரிக்கையின் வரைவு இது. வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவருக்கும் பேசிப் பழகும் முறையில் ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும்; புதிதாகப் பதவி உயர்வு பெறுபவர் பொறுப்பேற்கும் முன்பே அதை முடித்திருக்க வேண்டும். தொடர் தாமதத்துக்காகக் குறிப்பாணை அனுப்புவதற்கு முன் தனியறையில் ஒரு உரையாடல் கட்டாயமாக வேண்டும். குடிமக்களின் முகவரிப் பதிவுகளை யார், எப்போது, எதற்காகத் திறந்தார்கள் என்பது பதிவாக வேண்டும். அலுவலக வண்டியையோ தொலைபேசியையோ ஒருவரைத் துன்புறுத்தப் பயன்படுத்துவது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்று பணிவிதியில் வெளிப்படையாக எழுத வேண்டும். விடுப்பைப் பொறுத்தவரை, பிலிப்பைன்ஸ் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 10 நாள் கொடுத்துவிட்டது, நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் அதே 10 நாள் நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சுட்டியிருக்கிறேன்.

பதிவு 6: பொதுமக்கள் சேவை முகப்பில் பணியாற்றுபவர்

வரைவில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அக்கா. சம்பளக் கணக்கை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை, சம்பந்தப்பட்டவர் தாமே நேரில் வந்து, தனியாக இருக்கும்போது, தம் கையால் நிரப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். என் விண்ணப்பத்தை எழுதியதும் வேறொருவர்தான்.