ஒன்-ஃபுட் ஆறாவது கோனில் செத்துவிடுகிறது, பேக் க்ராஸில் கோன் தட்டுகிறது: ராக்கர் போட்டால் தீருமா?

மாலைநேரச்_சக்கரம்

வணக்கம். ஃப்ரீஸ்டைல் ஸ்லாலமில் (இன்லைன் ஸ்கேட்டில் கோன் வரிசைக்கு நடுவே வளைந்து ட்ரிக் செய்வது) அடிப்படை ட்ரிக்குகளைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். 80 செ.மீ. இடைவெளியில் 20 கோன் வைத்தால் ஃபிஷ், ஸ்னேக், ஃபார்வர்ட் க்ராஸ் என்ற அடிப்படை ட்ரிக் மூன்றும் கோன் விழாமல் முடிகின்றன. சிக்கல் இரண்டு.

முதலாவது ஒன்-ஃபுட் (ஒரே காலில் கோன்களுக்கிடையே வளைந்து போவது). வலது காலில் நிதானமாக நுழைந்தால் ஐந்தாறு கோனுக்குள் வேகம் செத்துவிடுகிறது. வேகமாக நுழைந்தால் ஏழு, எட்டாவது கோன் பக்கத்தில் வரிசையை விட்டு இடதுபுறம் ஒதுங்கிப் போய்விடுகிறேன். எப்போதும் இடதுபுறம்தான். வலப்பக்கம் ஒதுங்கியதே இல்லை.

இரண்டாவது பேக் க்ராஸ் (பின்னோக்கிப் போய்க்கொண்டே கால்களை விரித்துக் குறுக்கிடுவது). கோன் இல்லாத வெறுந்தரையில் வருகிறது. கோன் வைத்ததும், கால்கள் குறுக்கிட்டிருக்கும் நேரத்தில் வருகிற கோன்களைத் தட்டுகிறேன். சில சமயம் இரண்டு ஸ்கேட்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஸ்கேட் விவரம்: 243 மி.மீ. அலுமினிய ஃப்ரேம் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), நான்கும் 80 மி.மீ. சக்கரம், 85ஏ கடினம், ஹீல் பிரேக் கழற்றியாயிற்று. தரை அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் வழுவழுப்பான சிமென்ட். ராக்கர் (முதல், கடைசிச் சக்கரங்களை நடுச் சக்கரங்களைவிடத் தரையிலிருந்து சற்று உயர்த்துவது) போட்டால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள். காசு செலவழிக்கும் முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று பதிவிடுகிறேன்.

வெளிவிளிம்பு

நண்பரே, "எப்போதும் இடதுபுறம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கேள்வியிலேயே பதில் அங்கதான் இருக்கு.

வலது காலில் போகும்போது கோன் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தா, அதைச் சுற்றி வளைய உடம்பு வலப்பக்கம் சாயணும். அப்போ சக்கரத்தோட வெளி எட்ஜ்ல (வெளி விளிம்புல) நிக்கிறீங்க. அடுத்த கோன் இடப்பக்கம் வரும், அதுக்கு உள் எட்ஜ். உள் எட்ஜ் எல்லாருக்கும் சுலபம், ஏன்னா தடுமாறினா இன்னொரு காலைத் தரையில வெச்சுக்கலாம். வெளி எட்ஜ்ல சாயும்போது அந்தப் பக்கம் தாங்க கால் கிடையாது, உடம்பு பயந்து சாயாம விட்டுடும். வலப்பக்கம் முழுசா வளையலைன்னா என்ன ஆகும்? ஒவ்வொரு கோனிலும் கொஞ்சம் கொஞ்சமா இடதுபுறம் மிச்சம் சேர்ந்து, ஏழாவது கோன்ல வரிசையை விட்டே வெளிய போயிடுவீங்க. வேகமா நுழையும்போது மட்டும் இது தெரியுது, காரணம் மெதுவா போனா அதுக்கு முன்னாடியே நின்னுடுறீங்க.

அதனால முதல்ல கோனை எடுத்து ஓரமா வெச்சிட்டு வெளி எட்ஜ் வட்டம் போடுங்க. 3 மீட்டர் விட்டத்துல சாக்பீஸ் வட்டம் வரைஞ்சு, வலது கால்ல வலச்சுற்று. அரை வட்டம் ஒரே காலில் வந்தா அடுத்து முழு வட்டம், அப்புறம் விட்டத்தை 2 மீட்டருக்குக் குறைங்க. பார்வையும் இடது தோளும் வட்டத்தோட உள்பக்கம் திரும்பி இருக்கணும். இடுப்பை மட்டும் வெளியே தள்ளிட்டுக் கணுக்காலை மடக்கினா எட்ஜ் வந்த மாதிரி தெரியும், ஆனா வராது. முழங்கால் சக்கரத்துக்கு மேலேயே உள்நோக்கிச் சாயணும்.

அடுத்தது வேகம் சாகிறது. ஊஞ்சல்ல நின்னு உந்துறது ஞாபகம் இருக்கா? கீழே வரும்போது காலை நீட்டி எழும்புவோம், உச்சியில மடக்குவோம். ஒன்-ஃபுட்லயும் அதே கணக்குதான். வளைவு ரொம்ப இறுக்கமா இருக்கிற இடம் கோனுக்கு நேர் பக்கவாட்டில். அங்க முழங்காலை லேசா நீட்டித் தரையை அழுத்தணும். ரெண்டு கோனுக்கும் நடுவுல, அதாவது வரிசையைக் கடக்கிற அந்த 40 செ.மீ. புள்ளியில, முழங்காலை மடக்கி எடையைக் குறைக்கணும். பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா செய்றாங்க: கோன் பக்கத்துல பயந்து குனியறாங்க, நடுவுல நிமிர்றாங்க. அப்படிச் செஞ்சா ஒவ்வொரு கோனும் பிரேக் மாதிரி வேலை செய்யும்.

அகலத்தையும் கவனிங்க. கோனோட அடிப்பாகம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். சக்கரத்தடம் கோனின் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போனாலே போதும். ஒரு சாண் தள்ளிப் போனா பாதை நீளமாகி, வளைவு இறுகி, உந்துற சக்தி எல்லாம் அதுலயே கரைஞ்சிடும்.

பயிற்சி வரிசை இப்படி: 80 செ.மீ.க்குப் போட்ட சாக்பீஸ் புள்ளிகளை அழிக்காம, மூணுக்கு ஒரு கோன் மட்டும் வைங்க (2.4 மீட்டர்). நுழைஞ்ச வேகத்தைவிடக் கடைசிக் கோன்ல வேகம் குறையாம இருந்தாத்தான் ரெண்டுக்கு ஒண்ணு (1.6 மீட்டர்). அதுக்கப்புறம் முழு வரிசை. கோன் விழுந்ததா இல்லையான்னு எண்ணாதீங்க. இந்தக் கட்டத்துல வெளியே வரும்போது இருக்கிற வேகம்தான் அளவுகோல்.

ஸ்பீட் ஸ்லாலமும் (நேரத்தை அளக்கிற போட்டி) இதே ஒன்-ஃபுட்தான். 12 மீட்டர் ஓட்டம், பிறகு 80 செ.மீ. இடைவெளியில 20 கோன் ஒரே காலில், விழுற ஒவ்வொரு கோனுக்கும் 0.2 நொடி அபராதம். அந்த வீடியோக்கள்ல மேல் உடம்பைப் பார்க்காம முழங்காலை மட்டும் பாருங்க, அழுத்துறதும் விடுறதும் தெளிவாத் தெரியும்.

எழுபத்தாறு_எண்பது

மேலே சொல்லப்பட்டதோடு முழுக்க உடன்படுகிறேன். ராக்கர் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதித் தகவல்தான் பரவுகிறது.

243 மி.மீ. என்பது முதல் அச்சுக்கும் நான்காவது அச்சுக்கும் இடையே உள்ள தூரம். நான்கும் 80 ஆக இருந்தால் அந்த நீளம் முழுவதும் தரையில் படும். நேராகப் போக அது நல்லது. ஆனால் 80 செ.மீ.க்கு ஒரு முறை திசை மாறும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வரும். அந்தத் தேய்மானம் உங்கள் வேகத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. முன்னும் பின்னும் 76 போட்டால் அந்த இரு சக்கரங்களும் தரையிலிருந்து 2 மி.மீ. தூக்கிக்கொள்ளும் (விட்டத்தில் 4 குறைந்தால் ஆரத்தில் 2). நடு இரண்டு சக்கரங்கள் மட்டும், அதாவது 81 மி.மீ. நீளம்தான் தரையில். மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒன்-ஃபுட்டுக்கு ராக்கர் உண்மையிலேயே உதவும். வெளி எட்ஜ் பயத்தை மட்டும் அது தீர்க்காது. எட்ஜ் பழகாமல் ராக்கர் போட்டால் அதே இடதுபுறம் இன்னும் சீக்கிரமாக ஒதுங்குவீர்கள்.

வாங்க வேண்டியது நான்கே நான்கு 76 மி.மீ. சக்கரம், ஒரு ஸ்கேட்டுக்கு இரண்டு. முழு செட் தேவையில்லை. பேரிங்கும் ஸ்பேசரும் கழற்றிய சக்கரத்திலிருந்தே எடுத்துப் போடலாம். கழற்றிய நான்கு 80-ஐயும் பத்திரமாக வையுங்கள். ராக்கரில் எடை முழுவதும் நடுச் சக்கரங்களில் இருப்பதால் அவைதான் வேகமாகத் தேயும். அவை 78க்கு வந்துவிட்டால் உங்கள் ராக்கர் 1 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். அப்போது எடுத்துவைத்த 80-களை நடுவில் போடுங்கள்.  வெர்னியர் இல்லையென்றால் சக்கரங்களை ஒரே அச்சில் அடுக்கி ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

80-உடன் 72 போடவே வேண்டாம். 4 மி.மீ. தூக்கல் குழந்தையின் மரக்குதிரை மாதிரி ஆடும், பின்னால் விழுவது நிச்சயம். கடைகளில் நேச்சுரல் ராக்கர் என்று விற்கும் ஃப்ரேம்களில் முன்பின் அச்சுத் துளைகளே சற்று மேலே இருக்கும், எல்லாம் 80 போட்டாலே ராக்கர் கிடைத்துவிடும். அதற்காக நீங்கள் இப்போது ஃப்ரேம் மாற்றத் தேவையில்லை.

மாற்றிய முதல் சில நாட்கள் நேர்கோட்டில்கூடத் தள்ளாடும். நீங்கள் ஏற்கெனவே முடிக்கும் ஸ்னேக்கும் ஃபார்வர்ட் க்ராஸும் மறுபடி முன்போல வரும் வரை புதிதாக எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று. இரண்டு ஸ்கேட்டின் சக்கரங்களையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். உள்பக்கம் சற்று அதிகம் தேய்வது இயல்பு, நாம் தள்ளுவதே உள் எட்ஜில்தான். வலது ஸ்கேட் மட்டும் இடதைவிட மிக அதிகமாக உள்பக்கம் தேய்ந்திருந்தால் கணுக்கால் உள்ளே சரிகிறது. அப்படியானால் முதலில் லேஸையும் குதிகால் பெல்ட்டையும் இறுக்குங்கள். அப்போதும் சரிந்தால் ஃப்ரேம் போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஃப்ரேமை 1 அல்லது 2 மி.மீ. உள்பக்கம் (வலது ஸ்கேட்டுக்கு இடதுபுறம்) நகர்த்தி இறுக்குங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு நகர்த்த வேண்டும், கோணலாகிவிட்டால் நேராகவே போக முடியாது.

சாக்பீஸ்_கோடு

பேக் க்ராஸை யாரும் தொடலையே, நான் எழுதுறேன்.

க்ராஸ்ல ஒரு கோனுக்குக் கால் விரிஞ்சிருக்கும், அடுத்த கோனுக்குக் குறுக்கிட்டிருக்கும், ரெண்டு நிலையிலும் கோன் கால்களுக்கு நடுவுலதான் போகும். ரெண்டு தடமும் வெட்டிக்கிற இடம் கோன்களுக்கு இடையில இருக்கு. நீங்க தட்டுறது குறுக்குக் கோன்னா, வெட்டுறது தாமதமாகுதுன்னு அர்த்தம். கோன் கிட்ட வந்த பிறகுதான் காலைக் குறுக்கே கொண்டு போறீங்க. விரிஞ்ச கோனைக் கால்கள் கடந்த உடனே காலைக் குறுக்கே கொண்டுவரத் தொடங்கணும்.

ஸ்கேட் மோதுறதுக்குக் காரணம் வேற. ரெண்டு காலும் ஒரே நேரத்துல வெட்டுப்புள்ளிக்கு வருது. பின்னோக்கிப் போகும்போது ஒரு கால் தெளிவா முன்னால போகணும், அதாவது உங்க முதுகுப் பக்கமா. ஒரு ஸ்கேட்டோட நீளம் இடைவெளி இருக்கட்டும். எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டு மாத்தாதீங்க. மாத்தி மாத்திப் போடுறது பிறகு.

தலை ரொம்ப முக்கியம். ஒரே தோளுக்கு மேல திரும்பி, மூணு நாலு கோன் தள்ளிப் பாருங்க. காலுக்குக் கீழே இருக்கிற கோனைப் பார்த்தா இடுப்பு மடங்கி எடை குதிகாலுக்குப் போகும், கடைசிச் சக்கரம் மாட்டிக்கும், உட்கார்ந்த மாதிரி விழுவீங்க. எடை பாதத்தோட நடுவிலிருந்து கொஞ்சம் விரல் பக்கம் இருக்கட்டும். மணிக்கட்டு கார்டு இல்லாம பேக் ட்ரிக் எதையும் பழகாதீங்க. பின்னால விழும்போது கைதான் முதல்ல ஊன்றும்.

வெறுந்தரையில வருதுன்னு சொல்றீங்க, ஆனா வெறுந்தரையில நம்ம இஷ்டத்துக்கு நீளம் எடுத்துக்குவோம். சாக்பீஸால 15.2 மீட்டர் கோடு போட்டு (20 கோனுக்கு 19 இடைவெளி), 80 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைங்க. கோன் இல்லாம, ஒரு புள்ளி விரிவு ஒரு புள்ளி குறுக்கு, வாய்விட்டு எண்ணிக்கிட்டே போங்க. அந்தத் தாளம் உடம்புல ஏறினதும் கோனை முதல்ல 1.2 மீட்டர்ல வைங்க, போட்டியிலயும் 50, 80, 120 செ.மீ.னு மூணு இடைவெளி வரிசை இருக்கும். வேகம் போதலைன்னா, விரிக்கும்போது குதிகாலை வெளியே தள்ளுங்க. பேக் க்ராஸுக்கு எஞ்சின் அதுதான், தனியா வேற தள்ளுதல் கிடையாது.

மாலைநேரச்_சக்கரம்

மூவருக்கும் மிக்க நன்றி. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். வலது ஸ்கேட்டின் உள்பக்கத் தேய்மானம் இடதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு அதிகம். லேஸை இறுக்கிய பிறகும் கணுக்கால் லேசாகச் சரிகிறது, எனவே ஃப்ரேமை 1.5 மி.மீ. உள்ளே நகர்த்தியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்-ஃபுட்டில் தூக்கிய காலை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? வழுவழுப்புத் தரைக்கு 85ஏ சரிதானா? பேக் க்ராஸில் விரிக்கும்போது சில சமயம் சக்கரம் வழுக்குகிறது.

வெளிவிளிம்பு

இப்போதைக்குப் பின்னால. தூக்கின காலோட முழங்கால் ஊன்றின முழங்காலை ஒட்டி, ஸ்கேட் குதிகாலுக்குப் பின்னால ஒரு அடி தள்ளி, தரையிலிருந்து 10, 15 செ.மீ. உயரத்துல. அதைப் பக்கவாட்டுல ஆட்டி வேகம் எடுக்க ஆசை வரும், விடாதீங்க. கால் ஒருபக்கம் போனா இடுப்பு மறுபக்கம் போகும், எட்ஜ் போயிடும். முன்னால நீட்டுறது வேகம் நல்லா பிடிபட்ட பிறகு. அப்போ எடை பின்னால போகாம பார்த்துக்கணும்.

ஃப்ரேமை நகர்த்தினதால முதல் ரெண்டு நாள் வெளி எட்ஜ் வட்டத்தை மட்டும் போட்டுப் பாருங்க. ரெண்டு காலுக்கும் வட்டம் ஒரே மாதிரி வந்தா நிறுத்திடுங்க, மறுபடி நகர்த்த வேண்டாம்.

எழுபத்தாறு_எண்பது

முதலில் தரையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டிப் பாருங்கள். பார்க்கிங் தரையில் மெல்லிய புழுதிப் படலமும் வண்டியிலிருந்து சொட்டிய ஆயிலும் இருக்கும், பாதி வழுக்கல் அதனால்தான். சக்கரத்தையும் துடையுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் 82 அல்லது 83ஏ சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மென்மையான சக்கரம் உருளும் வேகத்தைக் குறைக்கும், சீக்கிரம் தேயும். வாங்கப்போகும் நான்கு 76-ஐயும் இப்போதுள்ள 85ஏ கடினத்திலேயே வாங்குங்கள். வழுக்கல் தீராவிட்டால் அடுத்த முறை நடுச் சக்கரம் நான்கை மட்டும் 83ஏ-க்கு மாற்றினால் போதும், தரையைப் பிடிப்பது அவைதான்.

கோனுக்குப் பதில் டீக்கடை பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பின்னோக்கிய ட்ரிக்குக்கு அது வேண்டாம். தட்டினால் பறக்காமல் நசுங்கிச் சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். முன்னோக்கிப் போகும்போது பார்த்து விலகலாம், பின்னோக்கி முடியாது.